வெறும் அறையின் எண்ணிக்கை

காலை ஏழு மணிக்கு, நோயாளிகள் வரும் முன்பு, ஸ்கேன் அறையில் கதிர்வீச்சு எவ்வளவு என்று வெறுமையாக ஒருமுறை அளந்து பார்ப்போம். அறை சுத்தமாக இருந்தால் திரையில் நாலைந்து புள்ளிகள் சோம்பலாக விழும். அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று கொட்டின. சனியனே என்று மேசையைத் துடைத்தேன், விரிப்பை மாற்றினேன், என் செருப்பைக்கூடக் கழற்றி வெளியே போட்டேன். ஸ்கேன் கேமராவின் வயிற்றில் தட்டையான உப்புப் படிகம் ஒன்று இருக்கிறது. கதிர் பட்டால் ஒரு கணம் மினுங்கும். மினுங்கலுக்கு ஒரு புள்ளி. அதற்கு முகதாட்சண்யம் எல்லாம் கிடையாது.

அக்கா டீ வாங்கப் போனாள், எண்ணிக்கை இறங்கியது. திரும்பி வந்தாள், ஏறியது. பன்னிரண்டு வருடமாக என்னோடு இந்த அறையில் குப்பை கொட்டுகிற சீனியர் டெக்னீஷியன். கதிர்வீச்சு மருந்து குடித்தவர்களிடம் "ஒரு வாரம் யார் பக்கத்துலயும் போகாதீங்க" என்று தினமும் சொல்கிற வாய்.

"அக்கா, உங்ககிட்டேருந்துதான் வருது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பித்தப்பைக் கல்லுன்னு லீவு போட்டேனே, பொய்டா. தைராய்டு கேன்சர். வெளியூர்ல ஆபரேஷன். அயோடின் மருந்து குடிச்சு அஞ்சு நாளாச்சு."

"அறிவிருக்கா உங்களுக்கு?"

"லீவு தீர்ந்துபோச்சு. இன்னிக்கும் வரலைன்னா கான்ட்ராக்ட்டைக் கிழிச்சிடுவாங்க."

கோபம் வந்தது, அதைவிட அலுப்பு வந்தது. வெளியே அதற்குள் ஆறு பேர் வந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் அவள் வேலை போகும்.

"எழுதிக்கோ, சிடுமூஞ்சி. அதுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்துடு. அங்க எடுக்கறதுக்கு இன்னும் ரெண்டு நாள் தங்கச் சொன்னாங்க, ஓடி வந்துட்டேன். வேற எங்கயாவது பரவியிருக்கான்னு தெரியாம தூக்கமே வரலைடா."

டாக்டர் சீட்டில்லாமல் எடுத்தால் என் வேலையும் போகும். போய்த் தொலையட்டும் என்று உடை மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அயோடினுக்கான கனமான ஈயத் தட்டைக் கேமராவில் பொருத்தினேன். ஆயிரம் பேரைப் படுக்க வைத்த மேசையில் அவள் ஏறிப் படுத்தாள்.

கழுத்தில் புள்ளிகள் கூடின, எதிர்பார்த்ததுதான். இரைப்பையில் லேசாக, அதுவும் வழக்கம். மேசை மெல்ல நகர்ந்தது. வலது இடுப்பெலும்பில் நாலு புள்ளி விழுந்தது. பிறகு பத்து. துணியில் பட்ட மருந்துக் கறையாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. ஆனால் உடையை மாற்றச் சொன்னதே நான்தான்.

"என்னடா, கழுத்துல மட்டும்தானே?"

"அசையாம படுங்கக்கா."

அவள் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். திரையில் அதே இடத்தில் புள்ளிமேல் புள்ளியாக விழுந்துகொண்டே இருந்தது.