முதல் ரேங்க், இரண்டாம் விருப்பம்

மேஜர் ஓடிக்கொண்டிருந்தார்.

கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ராணுவத்திலிருந்து விடுவித்த சான்றிதழும், இன்னும் சூடு ஆறாத அதன் நகலும். பல்கலைக்கழக வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் பாதிக் காகிதம் வெளியே வந்திருந்தபோது கரண்ட் போயிற்று. அடுத்த கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகளுக்கு நடுவே புகுந்து போய், நகல் எடுத்துக்கொண்டு, இதோ திரும்பி வருகிறார். சட்டைப் பையில் செல்போன் துள்ளியது.

"எங்க இருக்கீங்க?" மனைவி.

"கீழ. படி ஏறப் போறேன்."

"கதவைச் சாத்தப் போறாங்களாம். வாசப்படியில ஒரு காலை வெச்சுக்கிட்டு நிக்கறேன். வாட்ச்மேன் என்னை முறைக்கறாரு."

"நீயும் முறை. கொஞ்ச நேரம் தாங்கும்."

"என் முறைப்புக்குப் பயப்படற ஒரே ஆள் நீங்கதான். ஓடி வாங்க!"

லிஃப்ட் முன்னால் கல்யாணக் கூட்டம் மாதிரி கூட்டம். மேஜர் படிக்கட்டில் தாவினார். முழங்கால் முனகியது. முதல் திருப்பத்தில், மேலேயிருந்து தடதடவென்று இறங்கிவந்த ஓர் ஒல்லி உருவம் அவர் மேல் மோதாத குறையாக நின்றது.

"சார்!"

கொசு.

படையில் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஈர்க்குச்சி உடம்பு, காதருகே ஓயாத ரீங்காரம். மேஜரின் பாலம் கட்டும் பிரிவில் இளைய அதிகாரியாக இருந்தவன். அவருக்கு அடுத்தாற்போல் அவனும் பணி முடிந்து வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்ப்பது இப்போதுதான்.

"நீ எங்கடா இங்க?"

"அதே கூத்துதான் சார், எம்.இ. கவுன்சிலிங். நிக்காதீங்க, ஓடிக்கிட்டே பேசலாம். உங்களைத் தேடித்தான் இறங்கினேன். மேல அண்ணி வாட்ச்மேனை வறுத்து எடுத்துக்கிட்டிருக்காங்க. கிட்ட போகவே பயமா இருந்துச்சு."

இரண்டு பேரும் ஓடினார்கள்.

"லிஸ்ட் பார்த்தீங்களா? முன்னாள் ராணுவத்தினர் கோட்டாவுல நீங்க ஃபர்ஸ்ட். நான் செகண்ட். இந்த வயசுல எப்படி சார்?"

"வீட்டுல மாத்ஸ் டீச்சர் இருக்காங்களே. பிரம்பு மட்டும்தான் எடுக்கலை."

"எந்த பிராஞ்ச் எடுக்கப் போறீங்க?"

மேஜர் வாயைத் திறந்தார். மூடினார். திட்டத்தைக் கடைசி நிமிடம்வரை நெஞ்சுக்குள் பூட்டி வைப்பது ராணுவத்தில் அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"இன்னும் முடிவு பண்ணலை. நீ?"

"ஸ்ட்ரக்சுரல் சார்!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழுந்தது. "அதை விட்டா வேற எதுவும் வேணாம். பாலம்னா எனக்கு உசுரு."

மேஜரின் கால் ஒரு படியைத் தவறவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"பார்த்து சார்!"

"ஒண்ணுமில்லை. வா."

அந்தப் படியிலேயே நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னால் எத்தனையோ நாள், பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், அந்தப் படிக்கட்டு அவர் கண்முன் வந்து நிற்கப்போகிறது.

கதவு இடுக்கில் செருகியிருந்த செருப்புக் காலை மனைவி எடுத்துக்கொண்டாள். "அப்பாடா!" என்றாள். பின்னால் வந்தவனைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "அட, கொசுத் தம்பி! நீங்களும் பரீட்சை எழுதினீங்களா? இவரு மூச்சு விடலையே!"

"எனக்கே இப்பதான் தெரியும்," என்றார் மேஜர்.

ஹாலுக்குள் ஏ.சி. ஜில்லென்று முகத்தில் அறைந்தது. முன்னால் பெரிய திரை. திரைக்குக் கீழே ஒரு மேஜை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதன் பின்னால் தொண்டை கட்டிப்போன ஒரு அலுவலர். ரேங்க் வரிசைப்படி கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து போய்த் திரையில் இருக்கும் பிராஞ்சுகளில் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்கியதும் அந்தக் கட்டம் பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். ராணுவத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு பிராஞ்சிலும் ஒரே ஒரு இடம். ஸ்ட்ரக்சுரலில் ஒன்று. நீர்வளத்தில் ஒன்று. போக்குவரத்தில் ஒன்று. முதலில் போகிறவருக்கு எல்லாமே பச்சை.

முதலில் போகப்போகிறவர் மேஜர்.

"மேல முதல் கட்டம்தான் ஸ்ட்ரக்சுரல்," என்று மனைவி காதில் கிசுகிசுத்தாள். "கை நடுங்கி அடுத்ததை அமுக்கிடாதீங்க. கண்ணாடியைப் போட்டுக்குங்க."

மேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

இந்த ஒரு கட்டத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு தொண்டைத்தண்ணி வற்றக் கத்திவிட்டு வந்து, இஞ்சினியரிங் முடித்துப் பல வருடம் ஆன, மீசை நரைத்த மாணவனுக்கு மறுபடி முதலிலிருந்து இன்டக்ரேஷன் சொல்லிக்கொடுத்தாள். "எட்டாம் வகுப்புப் பசங்க பரவாயில்லை" என்று திட்டித் தீர்த்தாள். மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார்.

ஏன் என்று அவளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். படையில் பாலம் என்றால் இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து ஆற்றின் மேல் தள்ளுவது. வண்டிகள் போகும், டாங்கிகள் போகும், கடைசி ஆளும் போவான். அப்புறம் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டியதுதான். அவர் கட்டிய பாலம் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. நிற்கிற பாலம் ஒன்று கட்ட வேண்டும். ஒருநாள் மகளோடு பஸ்ஸில் அதன்மேல் போகும்போது, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இது அப்பாவோடது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வழியில்லை. ராணுவக் கோட்டாவின் வயது வரம்பு அவருக்கு இந்த வருடத்தோடு சரி.

இரண்டு வரிசை தள்ளி கொசு உட்கார்ந்திருந்தான். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாலம்னா உசுரு.

"ரேங்க் ஒண்ணு!"

மேஜர் எழுந்தார். மனைவி அவர் சட்டைக் காலரை ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

அலுவலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யோசிச்சு அமுக்குங்க சார். ஒருதரம் அமுக்கினா கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

முதல் கட்டம் பச்சையாக மின்னியது. விரல் அதன்மேல் போய் நின்றது. பசங்க எல்லாம் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி தட்டை எடுக்க வேண்டும். கடைசி ஆளை அக்கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் அதிகாரி பாலத்தில் கால் வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் எழுதி மாட்டவில்லை. அப்படித்தான் இருந்தார். அதைத் தவிர வேறு மாதிரி இருக்க அவருக்குத் தெரியாது.

விரல் ஒரு கட்டம் கீழே இறங்கியது. அமுக்கினார்.

நீர்வளம் சிவப்பானது.

பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். யாரென்று திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"ரேங்க் ரெண்டு!"

கொசு வந்தான். அவரைக் கடந்து போகும்போது விறைப்பாக ஒரு புன்னகை புரிந்தான். மேஜையின் முன்னால் நெடுநேரம் நின்றான். அலுவலர், "என்ன தம்பி, திரைக்குள்ள போயிடலாம்னு பார்க்கறீங்களா?" என்று கேட்கவும்தான் விரலை நீட்டினான். ஸ்ட்ரக்சுரல் சிவப்பானது. சந்தோஷத்தில் பயலுக்குக் கை ஓடவில்லை என்று மேஜர் நினைத்துக்கொண்டார். நெஞ்சில் ஒரு ஓரம் ஆறியது. மறு ஓரம் ஆறவில்லை.

மனைவி அவரை ஹாலை விட்டு வெளியே கூட்டிவந்தாள். வராண்டாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"கண்ணாடி போட்டிருந்தீங்கல்ல?"

"போட்டிருந்தேன்."

"கட்டம் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அவனுக்கும் அதேதான் வேணுமாம். படிக்கட்டுல சொன்னான். ஒரு சீட்டுதான் இருக்கு."

அவள் அவரையே பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"இது ஆத்தங்கரை இல்லைங்க," என்றாள் மெதுவாக. "கவுன்சிலிங் ஹால். இங்க யாரும் யாரையும் சுடலை."

"என் பையன்டி அவன். நான் தட்டிப் பறிச்ச மாதிரி ஆயிடும்."

"உங்க ரேங்க்கை நீங்க எடுத்தா அதுக்குப் பேரு பறிக்கறதா? எப்பவும் கடைசியா சாப்பிடறேன், கடைசியா சாப்பிடறேன்னு பெருமை பேசுவீங்க. உங்க கூட உக்காந்திருக்கற எங்களுக்கும் அப்பதான் சோறுன்னு என்னிக்காவது நினைச்சுப் பார்த்திருக்கீங்களா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜர் அதை இறுக்கி மூடினார். மறுபடி சொட்டியது.

"என்னைக் கேட்டிருக்கலாம்," என்றாள் அவள். "இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம். நானும்தானே இந்தப் பரீட்சையை எழுதினேன்?"

அது சுருக்கென்று தைத்தது. ஆமாம், கேட்கவில்லை. அவளையும் கேட்கவில்லை, அவனையும் கேட்கவில்லை. தானாக முடிவெடுத்து, தானாகச் செய்து முடித்துவிட்டு வந்து நிற்கிறார். படையில் அதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். வீட்டில் கொடுக்க மாட்டார்கள்.

"அண்ணி! சார்! இங்க இருக்கீங்களா? டீ என் செலவு!"

கொசு சீட்டு ஒதுக்கீட்டுத் தாளை விசிறிக்கொண்டு வந்தான். மனைவி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, "வாங்க தம்பி," என்றாள். அவள் மேல் மேஜருக்கு அந்த நொடியில் வந்த மரியாதையை வெளியே சொல்லத் தெரியவில்லை.

கேன்டீனில் மூலை மேஜை. மூன்று கண்ணாடி கிளாஸில் டீ. பக்கத்து மேஜையில் பொடியன்கள் சிரித்துக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடுதான் இனி வகுப்பில் உட்கார வேண்டும்.

"நல்லாப் படிடா," என்றார் மேஜர். "நல்ல பாலமாக் கட்டு."

"கட்டிடலாம் சார்." குரலில் ரீங்காரம் இல்லை.

மனைவி அவனை உற்றுப் பார்த்தாள். பரீட்சைத் தாளில் அடித்து எழுதிய இடத்தைப் பார்க்கும் டீச்சர் பார்வை. "ஆசைப்பட்டது கிடைச்சாச்சு. அப்புறம் ஏன் தம்பி மூஞ்சி இப்படித் தொங்குது?"

கொசு கிளாஸைச் சுற்றினான். மேஜரைப் பார்த்தான். "சார் திட்டக் கூடாது. இனிமே மாத்த முடியாதுங்கறதால சொல்றேன்."

"சொல்லுடா."

"கடைசி முகாம்ல நம்ம பசங்க ரெண்டு பேர் போனாங்கள்ல சார். அண்ணி, குண்டடி பட்டு இல்ல. கெட்ட தண்ணியைக் குடிச்சு, வயித்துப்போக்குல. அதுக்கப்புறம் தினம் காலையில தண்ணி வடிகட்டற மெஷின் பக்கத்துல சார்தான் நிப்பாரு. வேற ஒருத்தரையும் தொட விடமாட்டாரு. பாலம்னு யாராவது வாயைத் திறந்தா, 'நாளைக்குக் கழட்டப் போற சனியனுக்கு என்னடா பேச்சு'ன்னு எரிஞ்சு விழுவாரு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், சாருக்கு மனசு பூரா தண்ணி மேலதான்னு."

மனைவியின் வாய் திறந்தது. மேஜர் மேஜைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கையை உதறவில்லை. அவர் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"லிஸ்ட்டைப் பார்த்ததும் பகீர்னு ஆயிடுச்சு அண்ணி. அவர் முதல்ல, நான் அடுத்தது. எனக்கு இன்னது வேணும்னு நான் வாய் தவறிச் சொன்னாப் போதும், மனுஷன் எனக்கு விட்டுக்குடுத்துட்டுப் போயிடுவாரு. அதான் முந்திக்கிட்டு ஓடி வந்து, பாலம்னா உசுருன்னு ஒரு போடு போட்டேன். பொய் சொன்னதுக்கு அதையேதான் அமுக்கவும் வேண்டியதாப் போச்சு. வேற எதை அமுக்கினாலும் சாருக்கு விஷயம் தெரிஞ்சிடுமே."

"அப்ப உங்களுக்கு வேண்டியது?" என்று கேட்டாள் மனைவி.

கொசு சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அந்த ரெண்டு பசங்களையும் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தது நான்தான் அண்ணி. அன்னிலருந்து எனக்கு வேண்டியிருந்தது தண்ணிதான்."