சிறைக்கூடத்து ஒளி

கடைசி இலைகளும் உதிர்ந்துபோக, ஈயம் உருக்கி வார்த்தாற்போன்ற வானம் கூரைகளின்மேல் கவிந்திருக்க, ஆறும் அந்நிறமே பூண்டு அசைவற்றுக் கிடக்க, தொண்ணூற்றாறாம் ஆண்டின் கார்த்திகைக் காலையொன்றில் பேர்லின் மாநகர் விடிந்தும் விடியாதிருந்தது. அந்நகரின் ஓவியக்கூடமொன்றில், காண்போர் வருமுன் தரை துடைத்துக்கொண்டிருந்தாள் மன்னாரில் பிறந்த கொறற்றி. ஆறாண்டுகளுக்குமுன் இலங்கையில் படையினர் கொண்டுசென்ற அவள் கணவன் மரியரட்ணம் என்னவானான் என்பதை அறிந்தார் எவருமிலர்.

அக்கூடத்து ஓவியமொன்றின்முன் அவள் கைகள் நாள்தோறும் தாமே ஓய்ந்துவிடும். சிறையிருந்த இராயப்பரை, இயேசுவின் தலைச்சீடரான பேதுருவை, இறைவன் அனுப்பிய வானவன் விடுவிக்கும் காட்சி அது. முந்நூறாண்டுக்கு முந்தைய ஓவியன், திரை முழுதையும் இருளுக்கே ஈந்து, மேல்மூலையிலிருந்து ஒற்றைக் கதிரை இறக்கி, அது வானவனின் தோளில் வழுக்கி, உறங்கும் முதியவரின் கன்னத்தில் படிந்து, அறுந்து வீழும் விலங்கில் பொன்னாய்த் தெறிக்கத் தீட்டியிருந்தான். அத்தகைய கதிரொன்று தன் கணவனையும் தொடாதோ என்னும் ஏக்கம், ஈரவிறகில் பற்றிய தீயாய் அவளுள் புகைந்துகொண்டேயிருந்தது.

இப்போதோ, செப்பனிடுவதற்கென இறக்கப்பட்ட அவ்வோவியம் இரு திங்களாய்ச் சுவரில் இல்லை. அவ்வெறுமையை நோக்கி அவள் வாடியிருந்த நாளில்தான், அந்நகரிலேயே வாழ்ந்த கணவனின் தமையன் யோசப் வீடு தேடி வந்தார்.

"பிள்ளை, ஆறு வருசமாச்சு. ஆத்துமசாந்திப் பூசைக்குச் சாமியாரிட்டச் சொல்லட்டே?"

"கொஞ்சம் பொறுங்கோ அத்தான்," என்றாள்.

மறுநாள் ஓவியம் மீண்டது. செப்பனிட்ட அன்னா என்னும் மங்கை அவளை அருகழைத்து, கரிபடிந்த பழம்பூச்சு நீங்கிய இடமூலையைச் சுட்டினாள். அங்கே, கதிர் எட்டாத தொலைவில், எவரும் அறிந்திராத மற்றொரு சிறையாளன் விலங்கோடு அமர்ந்திருந்தான்.

"இவரை விடுவிக்க எவரும் வரவில்லையா?" எனத் தட்டுத்தடுமாறிய செருமானிய மொழியில் வினவினாள் கொறற்றி.

"தெரியவில்லை. ஆனால் பாருங்கள், விழித்திருக்கிறார்."

ஒளியுள் மட்டுமே இத்துணை நாள் கணவனைத் தேடியவள், அவ்விருளுள் நெடுநேரம் நோக்கிநின்று, வாய்பொத்தி அழுதாள். அன்று மாலையே யோசப்பிடம் சென்றாள்.

"செத்தவைக்கெண்டு பூசை வேண்டாம் அத்தான். சிறை மறியலில இருக்கிறவைக்கெண்டு பூசையை ஒப்புக்குடுங்கோ."

"அவன் இருக்கிறானெண்டு ஆருக்குத் தெரியும், பிள்ளை?"

"எனக்கும் தெரியாது. ஆனா செத்தவையோட அவரைச் சேர்க்க என்னால ஏலாது."

யோசப்பின் கண்கள் கலங்கின. "ஓம், சாமியாரிட்ட அப்பிடியே சொல்லுறன்," என்றார்.

அந்த ஞாயிறன்று, வாழ்வோர்க்கான வேண்டுதலில் மரியரட்ணம் என்னும் பெயர் ஒலித்தது. அவன் மீண்டானல்லன், மாண்ட செய்தியும் வந்திலது. முடிவறிந்த துயர் ஒருநாள் ஆறும். முடிவறியாக் காத்திருப்போ, அன்புடையார் நெஞ்சில் அவர் உள்ளளவும் உறங்குவதில்லை.