மதநல்லிணக்க சீரியல் செட்

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலம் எத்தனையோ காலமாகச் சுமந்து திரிந்த மத வேற்றுமையானது, ஆமத்தூருக்கு அடுத்த எங்கள் ஊரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரத்து மாலைப் பொழுதொன்றில், திருவாளர் பாண்டிச்செல்வம் அவர்களின் மாடிவீட்டு முகப்பில், பொதுமக்கள் முன்னிலையில் அடியோடு ஒழிக்கப்பட்டது. ஒழிப்புக்கு வேண்டிய மின்சாரம், விவசாயத்துக்கென்று அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பம்புசெட்டு இணைப்பிலிருந்து வயர் இழுத்து எடுக்கப்பட்டது.

பாண்டிச்செல்வத்தை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தன் கரிசல்காட்டில் பாதியைப் பட்டாசுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் மக்காச்சோளம் போட்டு, இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்காமல், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துகிறவர். கல்யாண மண்டபம் ஒன்று கட்டி வைத்திருக்கிறார். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் வரிசை நடு நாற்காலி அவருக்கு.

அவருக்கு ஒரே மகள், அனுப்பிரியா. கனடாவில் வேலை பார்க்கிறாள். அங்கே கிங்ஸ்லி என்ற திசையன்விளைப் பக்கத்துப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக மூன்று வருஷத்துக்கு முன்னால் போனில் சொன்னாள். "வேதக்காரன் வீட்டுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் தோள்ல துண்டு போட்டு நடக்கணுமா? இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிப் போனை வைத்தார் தகப்பனார். மகள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். மிதிக்கவில்லை. அதிலிருந்து அவள் அம்மா பாண்டிலட்சுமி பெற்ற பிள்ளையை உள்ளங்கை அகலப் போன் கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் வீட்டுக்காரர் வெளியே போன நேரமாகப் பார்த்து.

இப்போது பாண்டிச்செல்வம் மன்னித்துவிட்டார். மகளையும், மகள் பார்த்த பையனையும், மொத்தக் கிறிஸ்தவத்தையும் ஒரே மூச்சில் மன்னித்தார். காரணம், பையனுக்குக் கனடாவிலேயே நிரந்தரமாக இருக்கிற உரிமை கிடைத்துவிட்ட செய்தி. பங்காளி பெத்தணனின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், ஆனால் எந்த நேரமும் திருப்பி அனுப்பப்படக்கூடிய பெர்மிட்டில் இருக்கிறான். இந்த ஒப்பீட்டில் பாண்டிச்செல்வத்தின் உள்ளம் உருகிப்போனது.

மகளைக் கூப்பிட்டுத் தன் பெருந்தன்மையைத் தெரிவித்தார். அனுப்பிரியா சொன்னாள்: "கிங்ஸ்லி அப்பாவும் அம்மாவும் உங்களப் பாக்க வர்றாங்க. மரியாதையாப் பேசுங்க. அது போதும்."

"பொண்ணு கேட்டு வாராக" என்று பாண்டிச்செல்வம் வீட்டுக்குள் வந்து அறிவித்தார்.

பாண்டிலட்சுமி அடுப்பை அணைத்தாள். "அப்ப அனு ஊருக்கு வந்துருவால்ல?"

"வராம? கல்யாணம் நம்ம மண்டபத்துல. நீ என்ன கேனக் கேள்வி கேக்க."

அவள் மகளின் அறையைத் திறந்து, மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போட்டாள்.

லைட் போடுகிற யோசனை முழுக்க முழுக்கப் பாண்டிச்செல்வத்தின் மூளையில் பிறந்தது. வெளிநாட்டில் கிறிஸ்துமஸுக்கு வீட்டையே விளக்கால் மூடிவிடுவதைப் போனில் பார்த்திருக்கிறார். "அவுக வண்டிய விட்டு இறங்கும்போதே தெரியணும், இது எப்பேர்ப்பட்ட குடும்பம்னு" என்றார். பாண்டிலட்சுமி, "அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாமே" என்றாள். விருந்தாளியிடம் கேட்டுச் செய்தால் அது மரியாதையா என்று அவளை அடக்கினார்.

இருக்கன்குடிக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைட் கட்டுகிற சங்கிலிமுத்து, மினி லாரியோடு வந்து இறங்கினார். இந்தப் பக்கத்தில் லைட் என்றால் சாமிக்குத்தான். மூங்கில் சட்டத்தில் கலர் பல்புகளைக் கோத்து, சாமியை ஆளுயரத்துக்கு மூன்று பங்காக எழுப்புவார்கள். பல்பு மாறி மாறி எரிய, சாமி கையை ஆட்டும், பூப்போடும். சங்கிலிமுத்துவிடம் முருகன் இருந்தார், பிள்ளையார் இருந்தார், மாரியம்மன் இருந்தாள். ஏசு இல்லை.

"ஏம்ப்பா, மாதா கீதா இல்லையா?"

"நமக்கு அந்தப் பக்கம் ஆர்டர் வராதுல்லண்ணே." சங்கிலிமுத்து மாரியம்மனைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்தார். "ஒண்ணு செய்யலாம். சூலத்தை அணைச்சிருவோம். தலைக்கு மேல நாகம் படமெடுத்துருக்கு பாருங்க, அதுல வட்டத்தை மட்டும் எரியவிட்டா மாதாவுக்குப் பின்னால இருக்கும்ல ஒளி, அது வந்துரும்."

"சிங்கம் கெடக்கே."

"பிடரி பல்பைப் புடுங்கிட்டா ஆட்டுக்குட்டிண்ணே."

பாண்டிச்செல்வம் யோசித்தார். மதநல்லிணக்கம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. "செய்லே" என்றார்.

சோதனைக்கு ஒருதரம் சுவிட்சைப் போட்டார்கள். சூலமும் வலது கண்ணும் ஒரே லைனில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. சூலத்தை அணைத்தால் மாதா ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை எரியவிட்டால் கையில் சூலம் வந்தது. குடத்தோடு போன ஒருத்தி, ஆத்தா திடீரென்று எழுந்தருளியதைக் கண்டு, செருப்பைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது மாதா, போ" என்று பாண்டிச்செல்வம் விரட்டினார். கடைசியில் கண் இருக்கட்டும், சூலத்தின் மேல் தென்னங்கீற்றைக் கட்டி மறைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மாதா தயார். நட்சத்திரம் வேண்டும். வேதக்கார வீடென்றால் உச்சியில் நட்சத்திரம் தொங்க வேண்டும் என்பது பாண்டிச்செல்வத்துக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், தெற்குத் தெருவில் ஒவ்வொரு டிசம்பரும் ஒன்று தொங்குவதை அவர் எரிச்சலோடு பார்த்து வந்திருக்கிறார்.

தெற்குத் தெருவில் மாரிச்செல்வி குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவர்கள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. போன வருஷம் அந்தத் தெருப் பிள்ளைகள் நட்சத்திரத்தைக் கம்பில் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி, நடுத்தெரு வழியாக வரப் பார்த்தபோது, வழியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஒங்க தெருவோட நிறுத்திக்கோங்க" என்று திருப்பி அனுப்பியவர் இதே பாண்டிச்செல்வம். அந்த நட்சத்திரத்தைத்தான் இப்போது வாங்கிவரச் சொல்லித் தன் டிராக்டர் டிரைவர் பாண்டிமுருகனை அனுப்பினார். சாத்தூருக்கோ விருதுநகருக்கோ போனால் கடையில் கிடைக்கும். ஆனால் தெற்குத் தெரு பக்கம். கேட்டால் கொடுத்தாக வேண்டிய தெருவும்கூட.

மாரிச்செல்வி அப்போதுதான் வேலை விட்டு வந்திருந்தாள். மத்தாப்புக் கம்பியை மருந்தில் முக்கி முக்கி முழங்கை வரை சாம்பல் வெள்ளியாய் மினுங்கியது.

"என்னண்ணே, எங்க நட்சத்திரம் நடுத்தெருவுக்கு ஆகாதுன்னாக. இப்ப மாடி உச்சிக்கே ஏறுதாக்கும்?"

"எனக்கென்னத்தா தெரியும். வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"வாங்கிட்டு வரச் சொன்னாரா, கழத்திட்டு வரச் சொன்னாரா?"

பாண்டிமுருகன் ஸ்டூலைத் தேடினான்.

"பாத்துக் கழத்துங்க. பிள்ளைக தொட்டுத் தொட்டுக் கட்டினது. ஒங்க முதலாளிக்குத் தீட்டு கீட்டு ஒட்டிக்கிடப் போவுது" என்றாள் மாரிச்செல்வி. சொல்லிவிட்டு அவளே ஸ்டூலை எடுத்துப் போட்டாள். பாண்டிச்செல்வத்தின் காட்டில் நடக்கிற கம்பெனியில்தான் அவளுக்கும் வேலை.

அவள் எச்சரிக்கை வீண்போகவில்லை. நட்சத்திரம் வாசலுக்கு வந்ததும், உள்ளே கொண்டுவராதே என்று கையைக் காட்டித் தடுத்தார் பாண்டிச்செல்வம். ஒரு சொம்பில் மஞ்சள் தண்ணீர் வந்தது. பெத்லகேமுக்கு வழிகாட்டிய நட்சத்திரத்துக்கு வேப்பிலையால் மூன்று தரம் தெளித்து, தீட்டுக் கழித்து, அதன்பின் உச்சியில் ஏற்றினார்கள். உலக வரலாற்றில் இது முதல் தடவையாக இருக்கலாம். அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மாதாவின் தலையில் வடிந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டார்கள். வீடு எரிந்தது. மாடிக் கைப்பிடி முழுக்கப் பச்சை ஓடியது, தூணில் சிவப்பு ஏறி இறங்கியது, மாதா ஒரு கையால் பூப்போட்டாள், ஆட்டுக்குட்டி என்று நம்பவேண்டியது வாயைப் பிளந்து கோரைப்பல்லைக் காட்டியது. காட்டிலிருந்த பூச்சியெல்லாம் கிளம்பி வந்து வாசலில் மொய்த்தது. ஊரே திரண்டது. எங்கள் பக்கத்தில் இப்படி சீரியல் செட் எரிந்தால் அது விசேஷ வீடு. சொல்லாமல் விசேஷம் வைப்பது பங்காளியைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். ஆகவே பெத்தணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா பாண்டி, வீட்டுல விசேஷம். எங்களுக்குச் சொல்லணும்னு தோணல."

"பொண்ணு கேட்டு வாராக. முடிவானதும் முதல்ல ஒங்களுக்குத்தாண்ணே." கூட்டத்துக்கும் கேட்கும்படி பாண்டிச்செல்வம் குரலை உயர்த்தினார். "மாப்பிள்ளை கனடா. வேதக்காரவுக. இந்தக் காலத்துல மதம் என்னண்ணே மதம். மாரியும் ஒண்ணுதான், மேரியும் ஒண்ணுதான். மனுசன் மனசுதான் முக்கியம்."

பெத்தணன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அது சரி. ஆளுக யாரு?"

பாண்டிச்செல்வமும் தாழ்த்தினார். "அதெல்லாம் மொதல்லயே விசாரிச்சிட்டேன். நம்மாளுகதான். தாத்தா காலத்துல வேதத்துக்குப் போனவுக."

"அப்பச் சரி" என்றார் பெத்தணன். முகம் தெளிந்துவிட்டது. மனிதகுலம் ஒன்றுபட்ட அந்தக் கணத்தை, கூட்டத்தின் கடைசியில் தெற்குத் தெருக்காரர்கள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கார் வந்தது. இறங்கிய இருவரும் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். கிங்ஸ்லியின் தகப்பனார் ஞானதுரை, ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், வெள்ளை வேட்டி சட்டையில் கையில் பைபிளோடு நின்றார். தாயார் எப்சிபாள் வெள்ளைச் சேலை. காதில் கழுத்தில் குண்டுமணித் தங்கமில்லை. வந்து நின்ற மாத்திரத்தில் பூச்சிகள் இருவரையும் அப்பிக்கொண்டன. ஞானதுரை சட்டையைத் தட்டிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். மாதா அவர்மேல் பூப்போட்டாள்.

"வாங்க, வாங்க" என்று பாண்டிச்செல்வம் குனிந்தார்.

"ஸ்தோத்திரம் சம்மந்தி" என்றார் ஞானதுரை.

சம்மந்தி என்ற வார்த்தையைப் பெத்தணன் கேட்டாரா என்று பாண்டிச்செல்வம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எல்லாம் ஒங்க பண்டிகைக்காகத்தான். பாத்தீகளா, மாதா."

எப்சிபாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஞானதுரை தொண்டையைச் செருமினார். "தப்பா நினைக்கப்படாது. எங்க சபையில கிறிஸ்மஸ் கொண்டாடுறதில்லை. வேதத்துல அந்தத் தேதி சொல்லலை. சொரூபம், சிலை எதுவும் எங்களுக்கு ஆகாது."

"லைட்டக் கொஞ்சம் அமத்திட்டா நல்லாருக்கும். பூச்சி வாயில போவுது" என்றாள் எப்சிபாள்.

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாண்டிச்செல்வம் ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஏலே சங்கிலி, நான் அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் வேண்டாம்னு. கேட்டாத்தானே. அணைலே மொதல்ல."

சங்கிலிமுத்து வாயைத் திறந்து, வாடகை நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டார். சுவிட்சை அணைத்தார். வீட்டு வாசல் இருட்டானது. செத்த பூச்சிகளை மிதித்துக்கொண்டு எல்லோரும் உள்ளே போனார்கள். காலடியில் நொறுக் நொறுக்கென்றது.

பாண்டிலட்சுமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். பெத்தணன் அழைக்காமலே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பாண்டிச்செல்வம் துண்டைச் சரிசெய்து, பெரிய வரத்தைக் கொடுக்கப் போகிறவர்போல நிமிர்ந்தார்.

"சுத்தி வளைக்க வேண்டாம் சம்மந்தி. எனக்குப் பூரண சம்மதம். மதம் ஒரு தடையே இல்ல. தை மாசம் மண்டபம் காலியாத்தான் இருக்கு."

"என்னத்துக்கு?" என்றார் ஞானதுரை.

எப்சிபாள்தான் பாண்டிலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "மைனி, பிள்ளைக அங்கனயே பதிவு பண்ணிட்டாவ. சபையில ஜெபமும் ஆயிட்டு. போன மாசமே. போன்ல சொல்றதவிட நேர்ல போய்ச் சொல்றதுதான் மரியாதைன்னு நாங்கதான் வந்தோம்."

பாண்டிலட்சுமி காப்பித் தட்டை இன்னும் கையில் வைத்திருந்தாள். "அப்ப அவ வரமாட்டாளா?"

"இப்ப வர்றதா இல்லைன்னுட்டா. ஒங்களத்தான் ஒருதரம் அங்க கூட்டிக்கிடணும்னு சொன்னா."

"எங்களையா?" என்றார் பாண்டிச்செல்வம்.

எப்சிபாள் காப்பியில் மிதந்த பூச்சியை விரலால் எடுத்துப் போட்டாள். "அம்மைய" என்றாள்.

பாண்டிச்செல்வம் தொண்டையைச் செருமி, பெத்தணன் இருந்த பக்கம் பார்க்காமல், தன் சம்மதத்தை இன்னொரு முறை தெரிவித்தார்.

அதை யாரும் கேட்டு வந்திருக்கவில்லை.