ஏழாவது பிரிவு

மசோதாவின் ஏழாவது பிரிவை அடித்துவிடலாம் என்று சட்டசபைக் குழுவில் இருந்த டாக்டர் உறுப்பினர் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவதைத் தடுக்க வந்த சட்டம் அது. பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற நர்ஸ், தாயின் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்து, இரண்டு துடிப்பின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். ஏழாவது பிரிவு கேட்பது அவ்வளவுதான்.

"இதுக்கெல்லாம் சட்டமா? அம்மாவோட துடிப்பைக் கேட்டுட்டு குழந்தையோடதுன்னு எந்த நர்ஸாவது எழுதுவாங்களா?" என்று அவர் சிரித்தார். பெரிய மனிதர் சிரித்தால் கூடச் சிரிக்க எந்தக் குழுவிலும் நாலு பேர் இருப்பார்கள். இங்கேயும் இருந்தார்கள்.

நான் பிரசவ வார்டு நர்ஸ். சாட்சி சொல்ல வந்தவள். பக்கத்து நாற்காலியில் என் தங்கை. போன வருடம் எங்கள் வார்டிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவள். யார் என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்காது என்று அவளைத் தேற்றி வைத்தவள் நான்தான். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கை எனக்கு மிஞ்சுவாள். ஏழாவது பிரிவு போய்விடும்.

"நான் எழுதினேன் சார்," என்றேன். "இருபது வருஷ சர்வீஸ். வலியில இருந்த ஒரு அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல். நூத்தி முப்பதுன்னு கேட்டுச்சு. குழந்தைக்கு அது சரியான எண்ணிக்கை. நிம்மதியா எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டேன். நான் கேட்டது காய்ச்சல்ல ஏறியிருந்த அம்மாவோட துடிப்பு. உள்ள குழந்தை துவண்டுக்கிட்டு இருந்திருக்கு. மணிக்கட்டைத் தொட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்." பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். "அந்த அம்மா இதோ, என் தங்கச்சி."

தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. செத்துப்போகலாம் போலிருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

குழுத் தலைவி கனைத்துக்கொண்டார். "வார்டுல வேலை தலைக்கு மேல இருக்கும்னு சொல்றாங்க. இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் வாய் திறப்பதற்குள் தங்கை சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள்.

"உன்கிட்ட வீட்ல பேசிக்கறேன்," என்றாள். "இப்ப பிடி. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு இவங்க பார்க்கட்டும்."

பிடித்தேன். தலைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள்.

"நூத்திப் பன்னிரண்டு," என்றேன் அழுதுகொண்டே. "ஒரு நிமிஷம்."

தங்கை குறிப்பெடுப்பவரிடம் திரும்பினாள். "எழுதிக்கங்க."