பைக்குள் ஒரு தி பழம்

என் கணவர் லொக் இறந்து ஐந்து மாதம் ஆனபின் கொழுந்தன் கியெம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தான். ஆன்சுவான் நாடக அரங்கை மாமனார் இரண்டு மகன்கள் பெயரில் மட்டுமே எழுதி வைத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இனி முடிவு கியெமுடையது. திருமண மண்டபம் கட்டுகிறவர்களிடம் விற்கப் போகிறான் என்று சைகோன் முழுக்கப் பேச்சு.

மாமனாரின் தந்தை அரிசிப் படகுகளை விற்றுக் கால்வாய் ஓரம் தகரக் கூரையோடு எழுப்பிய அரங்கு. மாமனார் மாடி கட்டினார். போர்க்காலத்தில் இரவு ஊரடங்கு என்றால் பகலில் ஆட்டம். பிறகு சில ஆண்டுகள் அரசுக் குழு நடத்தியது. அப்போது லொக் சொந்த அரங்கின் வாசலில் டிக்கெட் கிழித்தார். திரும்பக் கிடைத்தபோது பாதி நாற்காலிகளைக் காணோம். அவர் வீடு வாங்கவில்லை, நாற்காலி வாங்கினார். மேடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறைகளே எங்கள் குடித்தனம்.

மேடையைக் காப்பவர்கள் இரண்டு குட்டி இளவரசர்கள், நாடகக்காரர்கள் பீடம் வைத்துக் கும்பிடும் தெய்வங்கள். கைக்கடக்கமான மஞ்சள் தி பழத்தின் மணம் வந்தால் அதன் பின்னாலேயே போய்விடுவார்கள். அன்று நடிகர்களுக்குப் பாட்டு மறக்கும். லொக்குக்கு அந்த மணம் உயிர். பருவம் வந்தால் சந்தையில் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு அங்கேயே வைத்துவிடுவார்.

அவர் போனபின் நான் தங்கை வீட்டில் இருந்தேன். அன்று காலை அவர் படத்தின் முன் வைக்க ஒரு தி பழம் வாங்கிப் பையில் போட்டேன். அப்போதுதான் கியெம் அழைத்தான். இடத்தை அளக்க ஆள் வருகிறார், சாவி வேண்டும் என்றான். நேராக அரங்குக்கே போனேன்.

நடிகை சுவோங் உடைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க கொழுந்தன் என்னையும் நாற்காலியோட சேர்த்து வித்துடுவாரா?"

"உன்னை யாருடி வாங்குவா?" என்றேன். சிரிப்பு வரவில்லை.

அளவு நாடாக்காரரோடு பேசியபடியே இளவரசர்களின் பீடம் வரை வந்த கியெம் சட்டென்று நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"யாரு தி பழம் கொண்டு வந்தது?"

என் கை பையை இறுக்கியது.

"அண்ணி, நீங்களா? சனிக்கிழமை ஆட்டத்தை வச்சுக்கிட்டு?"

பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடித் தெருப்படியில் வைத்தான். கை கழுவி ஊதுவத்தி ஏற்றி, "அண்ணி நினைப்பு இல்லாம செஞ்சுட்டாங்க, கோவிச்சுக்காதீங்க. எங்கயும் போயிடாதீங்க" என்று இளவரசர்களிடம் கும்பிட்டான்.

இந்தச் சுவரை இடிக்கலாமா என்று நாடாக்காரர் கேட்டார். கியெம் அவரை அப்போதுதான் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"அளக்க வேணாம். நீங்க கிளம்புங்க."

அவர் போனதும் முன்வரிசையில் உட்கார்ந்தான்.

"விக்கல, அண்ணி. மழைக்கு முன்ன கூரையை நான் பாத்துக்கறேன். மத்ததெல்லாம் நீங்க பாருங்க. சனிக்கிழமை என்ன நாடகம்?"

உடைப்பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு விட்டேன். நாடகத்தின் பெயரை சுவோங்தான் சொன்னாள்.

மாலையில் படியிலிருந்த பையைத் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போய் லொக்கின் படத்தின் முன் பழத்தை வைத்தேன். பக்கத்தில் மேடை இல்லை. ஆசை தீர முகரட்டும்.