ஞாயிற்றுக்கிழமைப் புருஷன்

கருவாட்டை வீடியோவில் காட்டி விற்கலாம் என்று தீனதயாளன் சொன்னபோது அவன் மனைவி தேவயானி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மோந்து பாக்காம எவனாச்சும் கருவாடு வாங்குவானா?"

தீனதயாளன் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். நெட் மலிவாகி, எல்லார் கையிலும் வீடியோ ஓடத் தொடங்கியிருந்த காலம். தேவயானி மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அவள் அம்மா அஞ்சம்மாள் அப்போதும் அங்கேதான் நெத்திலியும் காரப்பொடி மீனும் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அதை வாங்கிச் சுத்தம் பண்ணி, யூடியூபில் காட்டி, கூரியரில் அனுப்புவதுதான் அவன் திட்டம்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. பல மாதங்களுக்குச் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் வாங்கவில்லை. ஒருவழியாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டீச்சர் நெத்திலி கேட்டார். அனுப்பினார்கள். குழம்பில் ஒரே மணல் என்று போனில் திட்டினார்.

தேவயானிக்கு அவமானமாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் கருவாட்டுக் கடையை மூடிவிடலாம் என்றாள்.

"மறைச்சா இத்தோட போச்சு தேவி. காட்டிடலாம்," என்றான் தீனா.

மிச்சமிருந்த நெத்திலியைத் தட்டில் கொட்டி, தண்ணீர் விட்டு அலசி, அடியில் தங்கிய மணலை அப்படியே வீடியோவில் காட்டினான். இது எங்க தப்பு, இனிமே தரையில காயவைக்க மாட்டோம், வலை கட்டி அதுமேலதான் காயவைப்போம் என்றான். பேசப் பேச அவன் முகம் திரையை அடைத்துக்கொண்டது. "யோவ், மூஞ்சியக் காட்டாத, மீனக் காட்டு!" என்று பின்னாலிருந்து தேவயானி கத்தினாள். அவன் அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டான்.

அந்த வீடியோதான் ஊர் ஊராகப் போனது. தப்பை ஒப்புக்கொண்ட மனுஷனையும், அவனை அதட்டிய பெண்டாட்டியையும் சனங்களுக்குப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் சுறா சரியில்லாத வாரம், அது சரியில்லை, வாங்காதீர்கள் என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அப்படிச் சொன்னதாலேயே ஆர்டர் கூடியது. அண்ணா அண்ணி என்று கமெண்டில் கூப்பிட ஆரம்பித்தார்கள். குப்பத்தில் அஞ்சம்மாளோடு இன்னும் சில பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

வாசனைக்குப் பயந்து திண்டிவனத்துக் கூரியர்காரர்கள் பொட்டலத்தைத் தொட மறுத்தார்கள். விழுப்புரத்தில் ஓர் அலுவலகம் மட்டும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. அங்கே கவுன்டரில் இருந்தவள் பெயர் வேணி. கெட்டிக்காரி, நல்லா பேசுறா என்று தீனாவே வந்து சொன்னான். கொஞ்ச நாளில் அவளைப் பற்றிச் சொல்வதை நிறுத்திக்கொண்டான். பார்சல் இல்லாத நாளிலும் விழுப்புரத்துக்குப் போய்வந்தான்.

ஒருநாள் சாயங்காலம், சட்டையைக்கூட மாற்றாமல் வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"தேவி, நான் இனிமே விழுப்புரத்துலயே இருந்துக்கலாம்னு பாக்கறேன்."

"வேணி வீட்லயா?"

அவன் தலையை ஆட்டினான். அழுவாள், கத்துவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது வேறு.

"அப்ப வீடியோவுக்கு இன்னா பண்றது?"

கேட்ட பிறகு அவளுக்கே திக்கென்றது. அவனுக்கோ பெரிய நிம்மதி. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போறேன். ரெண்டு பேரையும் சேத்துப் பாத்தே சனங்க பழகிட்டாங்க. ஒருத்தர் இல்லன்னா நூறு கேள்வி கேப்பாங்க. பொழப்பு பேஜாராயிடும்," என்றான்.

சரி என்றாள். குப்பத்துப் பெண்களின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் அவள் சரி சொன்னது அதற்காக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தீனா காலை பஸ்ஸில் வந்தான். அவன் சட்டைகளில் இரண்டை அவள் துவைத்து, தேய்த்து, எடுத்துவைத்திருப்பாள். கேமரா ஓடும்போது அவன் பழைய தீனா. "எங்க தேவி கை பட்டாலே காரப்பொடிக்கு வாசனை வந்துடுது" என்பான். தோளில் கை போடுவான். அவள் "யோவ்" என்று அதட்டுவாள். கேமராவை நிறுத்தியதும் கையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் இருக்கா என்று விருந்தாளியைப் போலக் கேட்பான்.

அவள் வேண்டுமென்றே தப்பாகப் பேச ஆரம்பித்தாள். விலையை மாற்றிச் சொல்வாள், மீன் பெயரை மறந்ததுபோல நிற்பாள். தப்பாகப் பேசினால் மறுபடி எடுக்க வேண்டும். மறுபடி எடுத்தால் தோளில் மறுபடி அந்தக் கை வரும்.

அம்மாவிடம் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. "அவன் வர்ற அன்னிக்கு மட்டும் பூ வச்சிக்கிறியேடி," என்றாள் அஞ்சம்மாள்.

"வீடியோவுக்கும்மா."

அஞ்சம்மாள் நெத்திலித் தலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் போய் எட்டு மாதம் கழித்து, மாசியில் ஒரு வியாழக்கிழமை, இரண்டு பெண்கள் திண்டிவனத்து வீட்டைத் தேடி வந்தார்கள். மேல்மலையனூர் பக்கத்திலிருந்து கிளியம்மாளும் அவள் மகள் செந்தாமரையும். கிளியம்மாள் அடிக்கடி கருவாடு வாங்குகிறவள். பார்சலில் இருந்த விலாசத்தை வைத்து வந்திருந்தாள். ஒரு பை நிறைய மல்லாட்டைக் கடலை கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணன் இல்லியா? ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வச்சிப் பாக்கலாம்னு வந்தேன்," என்றாள்.

"விழுப்புரம் போயிருக்காரும்மா."

"பரவால்ல. உன்னையாச்சும் பாத்தனே. இவள செங்கல்பட்டுல புருஷன் வீட்ல விடப் போய்க்கினு இருக்கேன் பாப்பா. கோவிச்சிக்கினு வந்து உக்காந்துக்கினா. எத்தினி சொல்லியும் கேக்கல. உங்க வீடியோவத்தான் போட்டுக் காட்டினேன். பாருடி, இவங்க சண்டை போடலியா, அடுத்த நிமிஷமே சிரிச்சிக்கினு சேந்துக்கலியான்னு. அப்புறம்தான் கிளம்புனா."

செந்தாமரை அந்த வெயிலிலும் புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். காபி போட உள்ளே போன தேவயானியின் பின்னால், உதவுவதுபோல வந்தாள். டம்ளரை எடுக்க எக்கியபோது தலைப்பு நழுவியது. கழுத்தோரம் விரல் பதிந்த தடம் கருத்துக் கிடந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று தேவயானி மெதுவாகக் கேட்டாள்.

"தெரியும். எல்லா வீட்லயும் நடக்கறதுதான்னு சொல்றாங்க." செந்தாமரை தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "அண்ணன் உங்கள அடிச்சதே இல்லியாக்கா?"

"இல்ல."

"வீடியோவுல பாத்தாலே தெரியுது. அந்த மாதிரி நானும் கொஞ்சம் வாயாடினா அவருக்குப் பிடிச்சிப்போவுமோ என்னவோ. போய் அப்படி இருந்து பாக்கலாம்னு நெனச்சிருக்கேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தேவயானி அணைக்கவில்லை. செந்தாமரைதான் கையை நீட்டி அணைத்தாள்.

"தாமரை, அவரு இங்க இல்லம்மா. வேற ஒருத்தி கூட இருக்காரு. வீடியோவுக்கு மட்டும் வர்றாரு, முடிஞ்சதும் போயிடுவாரு. நீ பாக்கறதெல்லாம் நடிப்பு. அதப் பாத்துட்டு நீ போவாத."

வாசற்படியில் கிளியம்மாள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது அவள் முகத்தில் தெரிந்தது. சற்று முன் தேவயானியிடம் வாங்கிவைத்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உன்ன நம்பி எம்பொண்ணுக்குப் புத்தி சொன்னேனேம்மா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் போன் செய்தாள். "பொண்ண ஊருக்கே திருப்பிக் கூட்டியாந்துட்டேன். அது உன்னாலதான், இல்லன்னு சொல்லல. ஆனா உன் கருவாடு இனிமே என் வீட்டுக்கு வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை தீனா வந்தபோது சட்டை எடுத்துவைத்திருக்கவில்லை.

"இனிமே நீங்க வர வேணாங்க. நான் உள்ளதச் சொல்லிடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? ஒரு ஆளு கூட நிக்க மாட்டான். எத்தினி வருஷம் பாடுபட்டுச் சேத்த சனம்!"

"மறைச்சா இத்தோட போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு, "போனையாச்சும் நான் பிடிக்கட்டுமா? தனியா எடுத்தா ஆடும்," என்றான்.

"வேணாம். நீங்க எதிர்ல நின்னா நான் உங்ககிட்டதான் பேசுவேன்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு, படியில் நின்று, "தேவி" என்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து அவள் பேசினாள். அவர் என்னோடு இல்லை, போன ஆனியிலிருந்தே இல்லை, உங்களை ஏமாற்றிவிட்டேன், மீனில் ஏமாற்றவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வீடியோவைப் பார்த்தவர்கள் முன்னெப்போதையும்விட அதிகம். புருஷனைப் பற்றியே பொய் சொன்னவள் மீனைப் பற்றி எப்படி உண்மை சொல்வாள் என்று கேட்டார்கள். அனுதாபம் தேடி வியாபாரம் பண்ணுகிறாள் என்றார்கள். கொடுத்த ஆர்டரை வேண்டாம் என்றார்கள். யாரோ வேணியின் பெயரைக் கண்டுபிடித்து வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். அவற்றை மட்டும் தேவயானி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். வந்துகொண்டே இருந்தன. அழித்துக்கொண்டே இருந்தாள்.

மீன் காயவைக்கும் வலைகளில் பாதியை அஞ்சம்மாள் சுருட்டி வைத்தாள். வேலைக்கு வந்த பெண்கள் பழையபடி வியாபாரிகளிடமே மீனைப் போட்டார்கள். யாரும் தேவயானியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. எப்போதாவது ஒருவர், சென்னாகுன்னிக் கருவாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்கினார்.

சித்திரையில், குப்பத்து வீட்டில் இருந்தபோது, பொய்யான வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். எங்கிருந்து அழிப்பது என்று பார்க்க ஒவ்வொன்றாகப் போட்டாள். தேதியைப் பார்க்காமலே தன்னால் சொல்ல முடியும் என்று நினைத்தாள். அவன் சிரிப்பு எங்கே மாறுகிறது, எந்த வாரம் அவன் கை தோளில் கனமில்லாமல் விழ ஆரம்பித்தது என்று தேடினாள்.

கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் வருஷத்தில் சிரித்த மாதிரியேதான் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் சிரித்தான். அதே "எங்க தேவி". அதே கை. கடைசி மாதங்களில் எல்லாமே நடிப்பு என்றால், முதலில் இருந்தது என்ன?

"யம்மா," என்று கூப்பிட்டாள். "இது எப்ப எடுத்தது, சொல்லு. அவரு போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கண்ணுக்குப் பக்கத்தில் போனை வைத்து அஞ்சம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரையில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலடி," என்றாள்.

அவன் போன நாளிலிருந்து அழாதவள், அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அஞ்சம்மாள் உப்புக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே காயப்போட்ட மீனுக்குக் காக்கைகள் வந்திறங்கின. எழுந்துபோய் விரட்ட இருவருக்கும் மனம் வரவில்லை.