நிஜ நூறு மீட்டர்

பேருந்து கார்தாகோவுக்குள் நுழைந்தபோது மலை காணாமல் போயிருந்தது. மழை என்று சொல்ல முடியாத ஒன்று காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் அதற்குப் பூனைமயிர் என்று பெயர். குடை பிடித்தால் குடைக்கு அடியிலும் வரும். விழும் சத்தம் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தொட்டால் நனைந்திருக்கும்.

யமிலெத் மகளின் ஸ்வெட்டர் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுவிட்டாள். எட்டு வயது மரிபாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"குத்துது."

"குளிருமே."

"குளிரட்டும். நான் இங்கயா இருக்கப் போறேன்?"

யமிலெத் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாக்குக் கொடுத்தது அவள்தான். டிசம்பரில், புந்தாரெனாஸ் வளைகுடாவைக் கடக்கும் படகில், ஒல்ஜெரின் எதிரிலேயே கொடுத்தாள். ஒல்ஜெர் அவள் கணவன். அதே படகில்தான் வேலை. அதை விட்டுவிட்டு மலைக்கு வர முடியாது. அவளுக்கோ பல்கலைக்கழகத்தில் நில அளவை கற்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆறு வருடம் விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை. 'மூணு பேட்டை பார்ப்போம். எதுவுமே உனக்குப் பிடிக்கலைன்னா நீ அப்பாவோட, அத்தை வீட்டுல இரு. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்' என்று சொல்லியிருந்தாள். சொன்ன நிமிடத்திலிருந்து அந்த வார்த்தை மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இரண்டு பேட்டைகள் காலையிலேயே முடிந்துவிட்டன.

முதலாவதில் மதில், கம்பிக் கதவு, காவலாளி. நுழைவாயிலில் ஒரு விதிப்பலகை. மரிபாஸ் நின்று முழுவதையும் படித்தாள். ஏழாவது விதி, பந்து விளையாடக் கூடாது. அவள் காவலாளியிடம் போய், "மூச்சு விடலாமா, அண்ணே?" என்று கேட்டாள். அவர் பாவம், சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே. நடந்தே வேலைக்குப் போகலாம். ஆனால் எல்லா மாடியிலும் மாணவர் அறைகள். பால்கனிகளில் ஒற்றை ஒற்றையாகக் காலுறைகள் காய்ந்தன.

"இங்க சின்னப் பிள்ளைங்க எங்கம்மா?"

"பள்ளிக்கூடம் போயிருப்பாங்க."

"ஜனவரி லீவுல யாரும்மா பள்ளிக்கூடம் போவாங்க?"

யமிலெத்துக்கு முகம் சிவந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

மூன்றாவது வீட்டுக்கு அவளுடைய பையில் ஒரு பட்டியல் இருந்தது. பள்ளி எவ்வளவு தூரம், பேருந்து எவ்வளவு தூரம், சரிவு எந்தப் பக்கம், மழைநீர் எங்கே வடியும், சுவரில் ஈரம் ஏறுமா. வரைபடத்தை வைத்துப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. மகளுக்கு என்ன வேண்டும் என்பதற்கு மட்டும் பட்டியலில் இடம் இல்லை. அதை எந்த அலகில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் தலைநகரில் இருக்கிறார். தொலைபேசியில் முகவரி சொல்லியிருந்தார். பழைய ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நூறு மீட்டர் கிழக்கு, ஐம்பது மீட்டர் தெற்கு, பச்சைக் கதவு. சாவி எதிர்வீட்டுத் தையற்காரம்மாவிடம்.

மூலையில் லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்.

"ஐஸ் ஃபேக்டரியா? நீங்க நிக்கிறதே அதுக்குள்ளதான்" என்றார் அவர். "இடிச்சு இருபது வருஷம் ஆச்சு."

அது ஒரு டயர் கடையின் வாசல். மரிபாஸ் சுற்றிலும் பார்த்தாள். மேலே, கூரை இருந்திருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்வெட்டரின் பொத்தான்களைத் தானே போட ஆரம்பித்தாள்.

"அதான் இவ்வளவு குளிருது" என்றாள்.

சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்ணுக்கு விவரம் ஜாஸ்தி. கடற்கரையா?"

"எப்படித் தெரியும்?"

"காலைப் பாருங்க."

ஜனவரிக் குளிரில் மரிபாஸ் செருப்புப் போட்டிருந்தாள்.

"கிழக்கு எதும்மா?"

"மலையைப் பார்த்து நில்லு. அது வடக்கு. வலது கைப்பக்கம் கிழக்கு."

"மலை எங்க?"

"இருக்கு. தெரியலை, அவ்வளவுதான்."

இல்லாத ஃபேக்டரியில் நின்று, தெரியாத மலையைப் பார்த்து, மரிபாஸ் வலப்பக்கம் திரும்பினாள். "நான் அளக்கிறேன். யாரும் பேசக் கூடாது."

அவளுக்கு அளக்கத் தெரியும். விடுமுறைகளில் அம்மாவோடு வயல்களுக்குப் போய் அளவுகோலைப் பிடித்து நின்றவள். அவள் காலடி அரை மீட்டர். நூறு மீட்டருக்கு இருநூறு காலடி.

யமிலெத் வாயைத் திறந்தாள். இந்த நாட்டில் முகவரியில் நூறு மீட்டர் என்றால் நூறு மீட்டர் அல்ல, ஒரு தெருக்கட்டம். கட்டம் எண்பது மீட்டர் இருந்தாலும் நூறுதான், நூற்றைம்பது இருந்தாலும் நூறுதான். அளவை படித்த அவளே முகவரி சொல்லும்போது அப்படித்தான் சொல்வாள். 'மூலை வரைக்கும் போகணும்' என்று சொல்ல வந்தவள், மகளின் முகத்தைப் பார்த்தாள். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து இருந்த முறைப்பு அதில் இல்லை. வாயை மூடிக்கொண்டாள். தப்பாக முடிந்தால் மூலைக்குப் போய்க்கொள்ளலாம்.

வீடுகள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அருகில் வந்ததும் வண்ணம் பெற்றன, தாண்டியதும் வெளுத்துக் கரைந்தன. முன்னால் போகும் மகளின் முதுகு மட்டும் கரையவில்லை. தாங்கள் நடக்கவில்லை, தெருதான் தங்களைக் கடந்து மெல்லப் போகிறது என்று யமிலெத்துக்குத் தோன்றியது. படகில் வரும்போது கரை அப்படித்தான் போகும்.

"நூத்தித் தொண்ணூத்தொம்பது. இருநூறு."

தெருவின் நடுவில் நின்றார்கள். மூலை இன்னும் தள்ளி இருந்தது. வலப்பக்கம், இரண்டு சுவர்களுக்கு நடுவே, ஒரு நடைபாதைச் சந்து. கார் நுழைய முடியாத அகலம். வரைபடத்தில் அது இல்லவே இல்லை.

"தெற்கு" என்று சொல்லி மரிபாஸ் உள்ளே திரும்பினாள்.

சந்துக்குள் சத்தம் மாறியது. பேருந்துகளின் இரைச்சல் பின்னாலேயே நின்றுவிட்டது. எங்கோ ஒரு தையல் இயந்திரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. இருபுறமும் திறந்த கதவுகள். தரையில் சுண்ணாம்புக் கோடுகள் தூறலில் கசிந்து பரவியிருந்தன. மூன்று சிறுமிகள் காலில் எலாஸ்டிக் மாட்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிறுத்தாமலே, "எத்தனைல இருக்க?" என்று கேட்டாள்.

"எண்பத்தாறு" என்றாள் மரிபாஸ், நிற்காமல்.

"எதுவரைக்கும்?"

"நூறு!"

மூவரும் எலாஸ்டிக்கை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் வந்து, சேர்ந்து எண்ணினார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. முன்னால் ஒரு பச்சைக் கதவு. கீல்களில் துரு. கதவடியில் புல் முளைத்திருந்தது.

எதிர்வீட்டில் தையல் இயந்திரம் நின்றது. கழுத்தில் அளவு நாடாவோடு ஓர் அம்மா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கயிற்றில் நீலநிறப் பள்ளிப் பாவாடைகள் வரிசையாகத் தொங்கின.

"வீடு பார்க்க வந்தீங்களா? நிஜமாவா? இந்தப் பக்கமா?"

"சாவி உங்ககிட்ட..."

"என்கிட்டதான். நான் ஃப்ளோரி. இதுவரைக்கும் எட்டுப் பேர் பார்க்க வந்துட்டாங்க. எட்டுப் பேரும் மூலை வரைக்கும் போய்த் திரும்பி, பஸ் ரோட்டுல சாம்பல் கதவைத் தட்டிட்டு, எதிர்ல பெட்ரோல் பங்க்ல போய்த் தையற்காரியைக் கேட்டிருக்காங்க. அது பின்வாசலுங்க. இதான் வாசல். வீட்டுக்கார ராமிரோகிட்ட எத்தனை தரம் சொல்லிட்டேன், ஊர் சொல்ற மாதிரி சொல்லுடான்னு. கேக்க மாட்டான். சின்ன வயசுல ஃபேக்டரியிலேருந்து ஐஸ் கட்டியைத் தூக்கிட்டு அடியெண்ணி ஓடி வருவான், கரையிறதுக்குள்ள. அவனுக்கு நூறுன்னா நூறுதான்."

"எனக்கும்" என்றாள் மரிபாஸ்.

ஃப்ளோரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ எண்ணினாளா? அம்மா என்ன வேலை?"

"நில அளவை சொல்லிக்கொடுக்கிறேன்" என்றாள் யமிலெத். "ஆனா நான் மூலைக்குத்தான் போயிருப்பேன்."

"ஒம்பதாவது ஆளா வந்திருப்பீங்க!" ஃப்ளோரி சிரித்துக்கொண்டே சாவியை எடுத்து வந்தாள். பூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் விட வேண்டியிருந்தது. நான்கு சிறுமிகளும் சேர்ந்து கதவைத் தள்ளினார்கள். புல் வேரோடு பெயர்ந்தது.

வீடு சின்னது. இரண்டு அறை, சமையலறை, ஓர் எலுமிச்சை மரம். யமிலெத் பழக்கதோஷத்தில் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தது. வீட்டின் மறுகோடிக்குப் போய்ச் சாம்பல் கதவைத் திறந்தாள். ஒரு லாரி முகத்துக்கு நேராக உறுமிப் போனது. புகை, சேற்றுத் தண்ணீர், இரைச்சல். 'மூலை வரைக்கும்' என்று அப்போது வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இப்போது மகளோடு அந்தப் பக்கம் நின்றிருப்பாள். மகள் அந்தக் கதவைப் பார்த்திருப்பாள். அவ்வளவுதான், முடிந்திருக்கும்.

கதவை மூடித் தாழிட்டாள்.

திரும்பி வந்தபோது மரிபாஸ் சந்தில் இல்லை. பிறகு ஃப்ளோரியின் வீட்டுக்குள் பார்த்தாள். மகள் கைகளை உயர்த்தி நின்றிருந்தாள். ஃப்ளோரி அவள் இடுப்பைச் சுற்றி நாடாவைப் பிடித்திருந்தாள்.

"சும்மா பாவாடை அளவுதான்" என்றாள் ஃப்ளோரி. "தைக்கணும்னு இல்ல. நீ சொன்னாத்தான் தைப்பேன், ராணி."

மரிபாஸ் கயிற்றில் தொங்கிய பாவாடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. யமிலெத்துக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கட்டாயப்படுத்த மாட்டேன் என்ற வாக்கில், கேட்டு நெருக்காமல் இருப்பதும் அடங்கும் என்று அவள் நினைத்தாள்.

ஃப்ளோரியின் துணி வடிகட்டியில் காப்பி இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி. படகு அக்கரையில் நிற்கும் நேரம். ஒல்ஜெர் கூப்பிட்டான். போன் முழுக்கக் கடற்காற்று.

"என்னாச்சு? என் குட்டி என்ன சொல்றா?"

யமிலெத் போனை மகளிடம் நீட்டினாள். மரிபாஸ் அதை வாங்கிக்கொண்டு சந்துக்குப் போய்ப் பச்சைக் கதவின் முன்னால் நின்றாள். பூனைமயிர் அவள் முடியில் வெள்ளைப் பொட்டுகளாக நின்றது. எலாஸ்டிக் சிறுமிகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"அப்பா, எழுதிக்கோ. பழைய ஐஸ் ஃபேக்டரி. அது இருக்காது, ஆனா குளிரும், அதுலேருந்து தெரிஞ்சுக்கலாம். அங்கிருந்து நூறு மீட்டர் கிழக்கு. மூலைக்குப் போயிடாத! நிஜ நூறு. என் காலுக்கு இருநூறு, உன் காலுக்கு நீயே கணக்குப் போட்டுக்கோ. அப்புறம் தெற்கே ஐம்பது."

"சரி, எழுதிட்டேன். அப்புறம்?"

"அப்புறம் பச்சைக் கதவைத் தட்டு" என்றாள் மரிபாஸ். "நான் வந்து திறப்பேன்."